கசப்பும் ஆரஞ்சுத் தோலும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தென் அமெரிக்க நாவல் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று வட்டத்தினர் கேட்டார்கள். அந்த நாவலில் வருகிறவர்கள் ஓயாமல் குடித்துக்கொண்டிருக்கும் ஒரு பானத்தையும் சேர்த்தே பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நாவலின் பெயர் 'ரயூவேலா'. நம் ஊரில் பெண் பிள்ளைகள் தரையில் கட்டம் போட்டு ஆடும் பாண்டி ஆட்டத்துக்கு அர்ஜென்டினாவில் வழங்கும் பெயர் அது. எழுதியவர் அர்ஜென்டினாவின் ஹூலியோ கொர்த்தாஸர். 1963இல் வெளிவந்தது. 1966இல் கிரெகரி ரபாஸா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நம்மில் பெரும்பாலோர் படிப்பது அந்த ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான். பானம், யெர்பா மாத்தே. நாவலை மறுபடி படித்தபோது என் பக்கத்தில் இருந்தது வெறும் மாத்தே கூட இல்லை. ஆரஞ்சுத் தோல் சேர்த்த மணமூட்டிய கலவை.

மணமூட்டிய மாத்தே என்றால் முகம் சுளிக்கிறவர்கள் மாத்தே குடிக்கும் நாடுகளில் உண்டு. கசப்புத் தாங்காதவர்களுக்காகச் செய்த சமரசம் என்பது அவர்கள் கட்சி. விளையாட்டும் நகைச்சுவையும் நிறைந்த நாவலைக் கண்டால், கனமான விஷயத்தைச் சொல்லத் துணியாத எழுத்து என்று தள்ளிவிடுகிறவர்களும் எங்கும் உண்டு. இந்த இரண்டு கட்சியோடும் நான் உடன்படவில்லை. நல்ல மணம் கசப்பை மூடி மறைப்பதில்லை. கசப்பை நெடுநேரம் நாக்கில் வைத்திருக்கும் வலுவை நமக்குத் தருகிறது. நல்ல நகைச்சுவையும் துயரத்துக்கு அதையே செய்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

முதலில் பானம்.

யெர்பா மாத்தே ஒரு மரத்தின் இலை. தேயிலைச் செடிக்கும் இதற்கும் உறவு இல்லை. பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஒகுஸ்த் சேன் இலேர் 1822இல் இதற்கு இட்ட அறிவியல் பெயர் ஈலெக்ஸ் பராகுவாரியென்சிஸ். பராகுவேயின் கிழக்குப் பகுதி, பிரேசிலின் தென்பகுதி, அர்ஜென்டினாவின் வடகிழக்கு மூலையில் உள்ள மிசியோனெஸ், கொரியென்தெஸ் மாகாணங்கள் ஆகியவை இதன் சொந்த மண். செம்மண்ணும் மழையும் ஆறுகளும் உள்ள இடம். காட்டில் விட்டால் மரமாக ஓங்கி வளரும். தோட்டத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் கவாத்து செய்து வைப்பார்கள். ஸ்பானியர் வருவதற்கு முன்பே குவரானி மக்கள் இந்த இலையை அறிந்திருந்தார்கள். அவர்களிடமிருந்துதான் உலகம் இதைக் கற்றுக்கொண்டது. அந்த நன்றிக் கடன் இந்தப் பானத்தைப் பற்றிய எந்தப் பேச்சிலும் முதலில் சொல்லப்பட வேண்டியது.

17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவிகள் குவரானி மக்களைக் குடியமர்த்திய ஊர்களில் இதைத் தோட்டப் பயிராக்கினார்கள். விதை எளிதில் முளைக்காது. இயற்கையில் பறவைகள் பழத்தைத் தின்று கழிக்கும் விதைதான் நன்றாக முளைக்கிறது. அதை முளைக்க வைக்கும் வழியைத் தோட்டங்களில் கண்டறிந்தார்கள். 1767இல் ஸ்பானிய மன்னர் அந்தச் சபையைத் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியதும் தோட்டங்கள் பாழடைந்தன. சாகுபடி நுட்பமும் மறைந்துபோனது. பிறகு நெடுங்காலம் காட்டு மரங்களை நம்பியே வணிகம் நடந்தது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டு மரத்தைத் தேடிப் போன மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு பார்ப்போம்.

பறித்த இலையை ஒரு நாளைக்குள் தீயில் காட்ட வேண்டும். சில நொடிகள்தான். தீ நாக்கு இலையைத் தொட்டதும் அது கறுக்காமல் நிற்கும். அடுத்துப் பல மணி நேரம் சூட்டில் உலர்த்தி, ஒன்றிரண்டாக நொறுக்கி, அர்ஜென்டினாவில் மாதக்கணக்கில் மூட்டை கட்டி முதிர வைப்பார்கள். முதிர முதிரப் பச்சை மங்கி, பழுப்பும் புகை மணமும் ஏறும். பிரேசிலின் தெற்கே முதிர வைக்காமல், நைஸாக அரைத்து, பச்சை மாறாமல் குடிப்பார்கள். ஒரே இலைதான். முதிர வைக்கும் பக்குவத்தில் இரண்டு ஊர்களின் நாக்கு பிரிகிறது.

குடிக்கும் பாத்திரம் நமக்குத் தெரிந்த பொருள். நம் வீட்டுக் கூரையில் படர்கிறதே சுரைக்கொடி, அதே இனத்துக் காயை முற்ற விட்டுக் காயவைத்துக் குடைந்த குடுக்கை. அதில் முக்கால் பங்குக்கு யெர்பாவை, அதாவது நொறுக்கிய இலையை, நிரப்பிச் சாய்த்து, ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக ஒதுக்குவார்கள். பள்ளத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் விட்டு இலையை ஊறவைத்து, பொம்பிஷா என்ற உலோக உறிஞ்சுகுழலைச் செருகுவார்கள். குழலின் அடியில் சல்லடை இருக்கும். அதன் பிறகு 70 முதல் 80 டிகிரி வரை சூடான நீர். கொதிக்கும் நீரை ஊற்றினால் இலை வெந்து, சுவை முழுவதும் முதல் குடுக்கையிலேயே இறங்கி, அடுத்தடுத்த சுற்றுகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஊற்றிக் கொடுப்பவருக்குச் செபதோர் என்று பெயர். முதல் குடுக்கையை அவரே குடிப்பார். அதுதான் கசப்பு மிகுந்தது, தூசும் துகளும் உள்ளது. விருந்தாளிக்கு அதைக் கொடுப்பது முறையில்லை. பிறகு மறுபடி நீர் ஊற்றி அடுத்தவரிடம் நீட்டுவார். அவர் அடி வரை உறிஞ்சிவிட்டுக் குடுக்கையைச் செபதோரிடமே திருப்பித் தர வேண்டும். மறுபடி நீர், அடுத்த ஆள். ஒரே குடுக்கை, ஒரே குழல், எல்லோருக்கும். நன்றி என்று ஒருவர் சொன்னால் அவருக்குப் போதும் என்று பொருள். அடுத்த சுற்றில் அவரைத் தாண்டிப் போவார்கள். ஆகவே விரும்பிக் குடிக்கிறவர் நன்றி சொல்வதே இல்லை. குடுக்கை வருகிறது, போகிறது, பேச்சு தொடர்கிறது. இலை சத்திழந்து சப்பென்று ஆன பிறகும் பலர் எழுந்திருப்பதில்லை. அர்ஜென்டினா 2013இல் ஒரு சட்டத்தின் மூலம் மாத்தேயைத் தேசியப் பானமாக அறிவித்தது. சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே வீட்டுத் திண்ணையும் கடைவாசலும் அதை அறிவித்துவிட்டன.

இனி, மணமூட்டிய கலவைக்கு வருகிறேன்.

உலர்ந்த ஆரஞ்சுத் தோலை மாத்தேயில் போடுவது அந்த நாடுகளின் வீடுகளில் வழக்கம். தோலைச் சுருளாகச் சீவிக் காயப் போட்டு, வேண்டும்போது ஒரு துண்டைக் கிள்ளி இலைக்குள் செருகுவார்கள். மலைப்பகுதி மூலிகைகளான புதினா வகைகளைச் சேர்ப்பவர்களும் உண்டு. எலுமிச்சை மணம் வீசும் செத்ரோன் இலையைச் சேர்ப்பவர்களும் உண்டு. பராகுவேயில் இது இன்னும் ஆழமான வழக்கம். அங்கே வெயிலுக்குக் குளிர்ந்த நீரில் மாத்தே குடிப்பார்கள். தெரெரே என்று பெயர். மூலிகைகளை உரலில் இடித்து அந்தக் குளிர்நீரில் கலப்பார்கள். எந்த மூலிகை எதற்கு நல்லது என்ற குவரானி மருத்துவ அறிவு அந்த உரலில் இருக்கிறது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தத் தெரெரே வழக்கத்தை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது, மூலிகை அறிவையும் சேர்த்தே குறிப்பிட்டது. மணம் சேர்ப்பது பின்னால் வந்த வணிகத் தந்திரம் என்று சொல்கிறவர்கள் இந்த உரலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆரஞ்சுத் தோல் கலந்த யெர்பாவில் நான் கண்டதைச் சொல்கிறேன். பொட்டலத்தைப் பிரித்ததும் எழுகிற முதல் வாசனை ஆரஞ்சு. நம் நார்த்தை இலையைக் கசக்கி முகர்ந்தால் வருமே, அந்தக் காரமான மணம். பழத்தின் தித்திப்பு அதில் இல்லை. நீர் பட்டதும் புகை மணம் மேலே வந்து அதோடு கலக்கிறது. முதல் இரண்டு மூன்று சுற்றில் ஆரஞ்சு முன்னே நிற்கிறது. தோலில் உள்ள எண்ணெய் ஆவியாகும் தன்மை கொண்டது. சூடு பட்டதும் முதலில் கிளம்பிவிடும். இலையின் கசப்பையும் துவர்ப்பையும் தருகிற பொருள்கள் அப்படி இல்லை. அவை நீரில் மெல்ல மெல்லக் கரைகின்றன. ஆகவே சுற்று ஏற ஏற மணம் பின்வாங்கி, கைப்பு தன் முழு உருவத்தோடு நிற்கிறது. ஆனால் இப்போது அந்தக் கைப்பு அந்நியமாக இல்லை. மணத்தின் கையைப் பிடித்து உள்ளே வந்த நாக்கு, மணம் போன பின்பும் கைப்போடு உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டது. அறுசுவை என்று எண்ணிய நம் முன்னோர் கைப்பையும் துவர்ப்பையும் தள்ளி வைக்கவில்லை; உணவில் இடம் கொடுத்தார்கள். அந்த அறிவு நமக்கு இருப்பதால் மாத்தேயை நம்மால் விரைவில் புரிந்துகொள்ள முடியும் என்று நம்புகிறேன்.

இந்தச் சுவையோடு நாவலுக்குள் போவோம்.

கொர்த்தாஸர் 1914இல் பிரசல்ஸில் பிறந்து, அர்ஜென்டினாவில் வளர்ந்து, 1951இல் பாரிஸுக்குப் போனவர். 1984இல் அங்கேயே காலமானார். 'ரயூவேலா'வின் நாயகன் ஒராஸியோ ஒலிவெய்ராவும் பாரிஸில் வாழும் அர்ஜென்டினாக்காரன். அவனுடைய காதலி லா மாகா, உருகுவேயின் மொந்தேவீதியோ நகரத்துப் பெண். நாவலின் முதல் பகுதி பாரிஸில், இரண்டாம் பகுதி புவனோஸ் ஐரெஸில். மொத்தம் 155 அத்தியாயங்கள். அவற்றில் முதல் 56 அத்தியாயங்களை நேராகப் படித்து நிறுத்திக்கொள்ளலாம். அல்லது ஆசிரியர் தரும் பட்டியலின்படி 73இல் தொடங்கி, 1, 2, 116, 3, 84 என்று தாவித் தாவிப் படிக்கலாம். அப்படிப் படித்தால் கடைசியில் 58ஆம் அத்தியாயமும் 131ஆம் அத்தியாயமும் ஒன்றையொன்று காட்டிக்கொண்டே இருக்கும், புத்தகம் முடியாது. வாசகர் தாமே போதும் என்று எழுந்தால்தான் உண்டு. குடுக்கை சுற்றி வரும் கூட்டத்தில் அமர்ந்தவர்களுக்கு இந்த முடிவு புதிதாக இராது.

19ஆம் அத்தியாயத்தில் ஒலிவெய்ராவும் லா மாகாவும் அறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒலிவெய்ரா மாத்தே ஊற்றிக்கொள்கிறான். யெர்பாவைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய நிலை. பாரிஸின் மருந்துக் கடைகளில் அது கிலோ 500 பிராங்க். சேன் லசார் ரயில் நிலையத்துக் கடையில் கிடைப்பதோ மோசமான சரக்கு. பழங்குடிகள் காட்டில் பறித்தது, உடம்பின் இன்ன இன்ன கோளாறுக்கு நல்லது என்றெல்லாம் அதன் மேல் விளம்பரம். ரோசாரியோ நகரில் வக்கீலாக இருக்கும் சகோதரன் அனுப்பிவைத்த 5 கிலோ நல்ல யெர்பாவும் தீர்ந்துகொண்டிருக்கிறது. தீர்ந்துவிட்டால் தன் கதி அவ்வளவுதான் என்று நினைக்கிறான். தான் மனம் விட்டுப் பேசுவது இந்தப் பச்சைக் குடுவையோடு மட்டும்தான் என்றும் நினைக்கிறான்.

இந்தப் பக்கத்தைக் கையில் மாத்தே இல்லாமல் படித்தால், புலம்பெயர்ந்தவனின் ஊர் ஏக்கம் என்று ஒரு வரியில் கடந்துவிடுவோம். மாத்தேயின் முறை தெரிந்தவருக்கு வேறொன்று உறுத்தும். எதிரே காதலி இருக்கிறாள். அவள் பிறந்த நாட்டில் மாத்தே இல்லாத வீடே கிடையாது. அப்படிப்பட்டவள் பக்கத்தில் இருக்கும்போது, பலர் கூடிக் குடிப்பதற்கென்றே பிறந்த பானத்தைத் தனக்குள் பேசும் தனிமையாக ஒலிவெய்ரா மாற்றிவிடுகிறான். அவன் அன்பில் உள்ள ஓட்டை முழுவதும் அந்தக் குடுவையில் தெரிகிறது. அவன் கெட்டிக்காரன், தத்துவம் பேசுவான், ஜாஸ் இசை பேசுவான், தன்னைத் தானே கேலி செய்துகொள்வான். அந்தக் கேலி நம்மைச் சிரிக்க வைக்கிறது. சிரித்தபடியே அவனுடைய இரக்கமின்மையின் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறோம்.

இதன் உச்சம் 28ஆம் அத்தியாயம். லா மாகாவின் கைக்குழந்தை ரோகமதூர் காய்ச்சலாகக் கிடக்கிறது. இரவு. அறை இருட்டு. நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். குழந்தை இறந்துவிட்டதை ஒலிவெய்ரா அறிகிறான், தாயிடம் சொல்லவில்லை. ஒருவர் காதில் ஒருவராகச் செய்தி பரவுகிறது. பேச்சு நிற்கவில்லை. உண்மை என்றால் என்ன, அறிவு என்றால் என்ன என்று விவாதிக்கிறார்கள். மேல் மாடிக் கிழவர் சத்தம் தாங்காமல் தரையைத் தட்டுகிறார். அதை வைத்துச் சிரிப்பும் எழுகிறது. மருந்து கொடுக்கும் நேரம் வரும், தாய் எழுந்து போவாள் என்பது அவளைத் தவிர அறையில் எல்லோருக்கும் தெரியும். படிக்கிற நமக்கும் தெரியும். இந்த நீண்ட அத்தியாயத்தைப் பேச்சும் வேடிக்கையும் இல்லாமல் கொர்த்தாஸர் எழுதியிருந்தால் இரண்டு பக்கத்தில் அழுது முடித்திருப்போம். அவர் நம்மை அழ விடவில்லை; உட்கார வைக்கிறார். பேச்சின் மணம் சிறுகச் சிறுக ஆவியாகி, கடைசியில் அந்தக் கைப்பு மட்டும் நாக்கில் நிற்கிறது. மணம் இல்லாமல் அவ்வளவு நேரம் அதை நாம் தாங்கியிருக்க மாட்டோம்.

நாவலின் இரண்டாம் பகுதியில் மாத்தே மறுபடி வருகிறது. 41ஆம் அத்தியாயம், புவனோஸ் ஐரெஸின் கொளுத்தும் மதியம். ஊர் உறங்கும் நேரம். ஒலிவெய்ரா தன் அறையில் உட்கார்ந்து கோணல் ஆணிகளை நிமிர்த்துகிறான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது. நல்ல ஆணி வேண்டும், கொஞ்சம் யெர்பாவும் வேண்டும். தெருவுக்கு எதிர்ப்பக்கம் அதே உயரத்தில் நண்பன் டிராவலரின் சன்னல். படியிறங்கித் தெருவைக் கடந்து போனால் முடிந்தது. அதைச் செய்யாமல் இரண்டு சன்னல்களுக்கும் நடுவே பலகைகளைப் போட்டுப் பாலம் கட்டுகிறார்கள். டிராவலரின் மனைவி தாலீத்தா ஆணியையும் யெர்பாவையும் எடுத்துக்கொண்டு அந்தப் பலகைமேல் மெல்ல நகர்ந்து போகிறாள். நடுவில், தெருவுக்கு மேலே, வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். இருபுறமும் இரண்டு ஆண்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உலக நாவல்களில் இவ்வளவு வேடிக்கையான காட்சிகள் குறைவு. வாய்விட்டுச் சிரித்தபடிதான் படிப்போம். ஆனால் ஒரு பிடி யெர்பா என்ற சாக்கில் அங்கே நடப்பது வேறு. பாரிஸில் இழந்த லா மாகாவை ஒலிவெய்ரா தாலீத்தாவிடம் காண்கிறான். டிராவலருக்கு அது தெரியும். தன்னை வைத்து இரண்டு பேரும் எதையோ நிறுத்துப் பார்க்கிறார்கள் என்று பலகைமேல் இருக்கும் தாலீத்தாவுக்கும் தெரிகிறது. கடைசியில் அவள் கணவனின் பக்கமே திரும்புகிறாள். பகிர்ந்து குடிக்க வேண்டிய இலை, உயிரைப் பணயம் வைக்கும் சோதனையாக மாறிவிடுகிறது. பாரிஸ் அறையில் தனக்கென்று வைத்துக்கொண்ட குடுவையின் தொடர்ச்சி இது. ஒரு கை இலையைக் கூட எளிதாகக் கேட்டு, எளிதாக வாங்கி, சேர்ந்து குடிக்கத் தெரியாத மனிதனின் கதை என்று இந்தப் பெரிய நாவலைச் சொல்லிவிடலாம். அந்த வறுமையைக் கொர்த்தாஸர் ஒரு இடத்திலும் இடித்துரைக்கவில்லை. சிரிக்க வைத்தே காட்டுகிறார்.

இதுவரை சொன்னது மனித உறவின் கசப்பு. இந்த இலைக்குள் இன்னொரு கசப்பும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பேச்சை முடித்தால் அது நேர்மையாகாது.

காட்டு மரங்களை நம்பி வணிகம் நடந்தது என்று சொன்னேன். 1864 முதல் 1870 வரை பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே ஆகிய மூன்று நாடுகளோடு நடந்த போரில் பராகுவே சிதைந்தது. அதன் பின் யெர்பா காடுகள் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போயின. 1871இல் வந்த ஓர் அரசாணை, முதலாளியின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் யெர்பா காட்டை விட்டுத் தொழிலாளி வெளியேறக் கூடாது என்றது. முன்பணம் கொடுத்து ஆளைப் பிடிப்பார்கள். அந்தப் பணத்தை ஊரிலேயே குடித்தும் துணி வாங்கியும் தீர்க்க வைப்பார்கள். காட்டுக்குள் போன பிறகு உணவும் உடையும் முதலாளியின் கடையில்தான். அவர் சொன்னதுதான் விலை. கடன் ஏறிக்கொண்டே போகும். மென்சு என்று அழைக்கப்பட்ட அந்தத் தொழிலாளர்கள், தங்கள் உடல் எடையை மிஞ்சும் இலைச் சுமையை முதுகில் ஏற்றி, வாரை நெற்றியில் மாட்டி, காட்டுப் பாதையில் நடந்தார்கள். ஓடியவர்களைத் துப்பாக்கியோடு தேடிப் போனார்கள்.

ஸ்பெயினில் 1876இல் பிறந்து பராகுவேயில் குடியேறிய ரஃபாயெல் பர்ரெத் என்ற பத்திரிகையாளர், 1908இல் அசுன்சியோன் நாளேடு ஒன்றில் இதைத் தொடர் கட்டுரைகளாக எழுதினார். இது அடிமை முறை என்று வெளிப்படையாகச் சொன்னார். சிறையும் நாடுகடத்தலும் அவருக்குக் கிடைத்தன. 1910இல், காசநோயால், 34 வயதில் இறந்தார். அவர் எழுத்தின் கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் பராகுவேயின் மாபெரும் நாவலாசிரியர் ஆகுஸ்தோ ரோவா பாஸ்தோஸ். அவருடைய 'இகோ தெ ஓம்ப்ரே' 1960இல் வெளிவந்தது. மனித குமாரன் என்று பொருள். அதில் ஒரு முழு அத்தியாயம் யெர்பா காட்டிலிருந்து தப்பியோடும் கணவன், மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை ஆகிய மூவரைப் பற்றியது. காசியானோவும் நாத்தியும் காட்டில் ஒளிந்து ஒளிந்து நகர்வதைப் படிக்கும்போது என் கையில் இருந்த குடுக்கையைக் கீழே வைத்தேன். அங்கே எந்த மணமும் சேர்க்க ரோவா பாஸ்தோஸ் சம்மதிக்கவில்லை. சேர்க்கக் கூடாத இடம் அது என்று அவருக்குத் தெரியும்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை அந்நியமில்லை. நம் மக்களும் முன்பணம் வாங்கிக் கங்காணியின் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வால்பாறை மலைக்கும் போனவர்கள்தான். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' அதைச் சொன்னது. மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' அதைச் சொன்னது. பராகுவேக் காட்டிலும் நம் மலைச்சரிவிலும் மனிதனைக் கட்டிப்போட்ட கயிறு ஒன்றுதான்: தீராத கடன். உலகம் விரும்பிக் குடிக்கும் இலைகள் பலவற்றின் பின்னால் இப்படி ஒரு கணக்குப் புத்தகம் இருந்திருக்கிறது. நாவல் என்ற கலை அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தது என்பதை இலக்கிய வாசகர்களாகிய நாம் பெருமையோடு சொல்லலாம்.

ஆகவே மணம் எங்கே சேர வேண்டும், எங்கே சேரக் கூடாது என்று பிரித்தறிவதுதான் எழுத்தாளனின் பக்குவம். கொர்த்தாஸர் கசப்பை நோக்கி நம்மைக் கூட்டிப்போக மணத்தைப் பயன்படுத்தினார். ரோவா பாஸ்தோஸ் நேராகக் கசப்பையே ஊற்றிக் கொடுத்தார். இரண்டும் ஒரே இலை. விற்பனைக்காகக் கசப்பே இல்லாதபடி தித்திக்க வைத்த பானமும், வலியே இல்லாதபடி இனிப்பாக முடித்த கதையும் மட்டும்தான் எனக்கு ஏற்புடையவை அல்ல. அவற்றில் இலையும் இல்லை, வாழ்க்கையும் இல்லை.

முடிக்கும் முன், படித்துக்கொண்டே மாத்தே குடிக்க விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். கொதிநீர் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று வகைப்படுத்தியது. மாத்தேயை மிதமான சூட்டில் குடிப்பதற்கு அந்த எச்சரிக்கை இல்லை. ஆகவே ஆற விட்டுக் குடியுங்கள். அரைப் பக்கம் படித்தால் போதும், குடுக்கை பதமாக ஆறிவிடும். இதில் காபியில் உள்ள அதே கஃபீன் உண்டு. இரவு நெடுநேரம் ஆன பின் தொடங்க வேண்டாம். சர்க்கரை போடாமல் தொடங்குங்கள். ஆரஞ்சு மணம் போனதும் இலையைக் கொட்டிவிடாதீர்கள். அதற்குப் பிறகு வரும் சுற்றுகளில்தான் இந்த மரம் தன் குரலில் பேசுகிறது.

'ரயூவேலா'வையும் அப்படியே படியுங்கள். சிரிப்பு வரும் இடங்களில் தாராளமாகச் சிரியுங்கள். சிரிப்பு அடங்கிய பிறகு புத்தகத்தை மூடிவிடாமல் இன்னும் நாலு பக்கம் போங்கள். அது முடிந்ததும் 'இகோ தெ ஓம்ப்ரே'யை எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவருக்கே இந்த இலையின் முழுக் கதை கிடைக்கும். இவை இரண்டும் நேரடியாக ஸ்பானிய மொழியிலிருந்து நல்ல தமிழில் நம் நூலக அலமாரிகளுக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம். ஸ்பானிய மொழி கற்கும் இளைஞர்கள் இந்த அரங்கில் இருந்தால், அந்தப் பணியை அவர்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். தமிழில் அவை வெளிவரும் நாளில் ஒரே குடுக்கையை எல்லோரும் சுற்றிக் குடித்து, முதல் அத்தியாயத்தை உரக்கப் படிப்போம். அந்தக் கூட்டத்துக்கு முதல் ஆளாக நான் வருவேன்.